பித்தளைக்குப் புளி உண்டு, பேதத்துக்கு?

தை பிறக்க நான்கைந்து நாட்களே இருந்தன. போடிநாயக்கனூரிலிருந்து தேவாரம் செல்லும் சாலையிலே, மேற்கு மலையின் மடியிலே அமைந்த சிற்றூர் சிலமலை. அங்கே நண்பர் ஒருவரின் இல்லம் சென்றிருந்தேன். வீட்டுக்கு வீடு வெள்ளையடிப்பு. முற்றத்துக்கு முற்றம் பாத்திரக் குவியல். ஓராண்டுக் காலம் பரணிலே உறங்கிக் கிடந்த குடமும் தவலையும், அண்டாவும் தாம்பாளமும், செம்பும் குத்துவிளக்கும் வெயிலைக் காண வெளியே வந்திருந்தன. அத்தனையும் பித்தளை! ஆனால் பித்தளை என்று சொன்னால்தான் தெரியும். நிறம் மங்கி, முகம் கறுத்து, மூலை முடுக்கெல்லாம் பச்சைக் களிம்பு படர்ந்து, 'பொன்னை ஒத்தது நானா?' என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ளும் கோலத்தில் அவை கிடந்தன.

அவற்றின் நடுவே ஒரு மூதாட்டி. அவருக்கு எதிரே அவருடைய மகள். பக்கத்திலே பதின்மூன்று வயதுப் பேத்தி. மகள் என்றேனே, அந்த அம்மையார் யார் தெரியுமா? விடியுமுன் எழுந்து, ஜீப்பிலே நெருக்கியடித்து ஏறி, போடிமெட்டு வழியே மலை கடந்து, ஏலத் தோட்டத்திலே நாளெல்லாம் குனிந்து காய் எடுத்து, பொழுது சாய்ந்த பின் கீழே இறங்கி வருபவர். அன்று அவருக்கு ஓய்வு நாள். ஓய்வு! மலையிலே குனிந்த முதுகு முற்றத்திலே குனிந்திருந்தது. ஏலச் செடியைப் பற்றிய கை தேங்காய் நாரைப் பற்றியிருந்தது. அவ்வளவுதான் ஓய்வு!

புளியும் உப்பும் பிசைந்து அப்பினார்கள். சற்று நேரத்தில் கறுப்பு கரைந்தது. உள்ளிருந்து மஞ்சள் எட்டிப் பார்த்தது. சிறுமிக்கு வியப்பு.

"ஏன் அம்மாச்சி, சோப்புப் போட்டாப் போகாதது புளியப் போட்டா மட்டும் போகுதே, எப்படி?"

"அதென்னமோ தாயி, எங்க ஆத்தா செஞ்சாக, நானும் செய்யுறேன்."

சிறுமி அடுத்த பாத்திரத்தை எடுக்கக் கை நீட்டினாள். அது குத்துவிளக்கு.

"அதத் தொடாத! நீ தூரமாயிருக்க. சாமி வெளக்கு அது!"

நீட்டிய கை நின்றது. அந்தக் குழந்தை கோபிக்கவில்லை, அழவுமில்லை. கேட்டாள், ஒரே கேள்வி:

"தொட்டாத்தான் என்ன அம்மாச்சி? புளியப் போட்டுத் தேச்சாப் போயிராதா?"

மூதாட்டி பதில் சொல்லவில்லை. தாய் தலை நிமிரவில்லை. நானும் நண்பரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மலைக்காற்று மட்டும் வீசிக்கொண்டிருந்தது.

தோழர்களே! அந்தச் சிறுமியின் கேள்விக்குப் பதில் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

*

முதலில் அவளுடைய முதற் கேள்வி. புளி ஏன் துலக்குகிறது?

பித்தளை என்பது தனி உலோகமன்று. செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. செம்பே பெரும்பங்கு. அந்தச் செம்பு காற்றிலுள்ள உயிர்வளியோடு கூடுகிறது; ஈரம் துணை நிற்கிறது; அடுப்புப் புகையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் கைகொடுக்கிறது. மேனியிலே மெல்லிய போர்வையொன்று படிகிறது. அதுவே கறுப்பு. ஈரமும் கரியமில வாயுவும் நெடுநாள் சேர்ந்திருந்தால், அல்லது புளித்த பண்டம் தங்கியிருந்தால், பச்சை பூக்கிறது. அதுவே களிம்பு.

இதிலே கண்ணேறு இல்லை, கழிப்பு இல்லை, சனியின் பார்வை இல்லை, சாமியின் சினம் இல்லை. காற்று இருக்கிறது, நீர் இருக்கிறது, செம்பு இருக்கிறது. அவை கூடின, கறை பிறந்தது. அவ்வளவே.

சோப்பு எண்ணெயை எடுக்கும். இந்தப் போர்வையை எடுக்காது. ஏனெனில் இது அழுக்கன்று. உலோகமே உருமாறிய நிலை. புளியிலே டார்டாரிக் அமிலம் இருக்கிறது. எலுமிச்சையிலே சிட்ரிக் அமிலம் இருக்கிறது. புளித்த மோரிலே லாக்டிக் அமிலம் இருக்கிறது. இவை அந்தப் போர்வையோடு கூடி அதை நீரில் கரையும் உப்பாக்கிவிடுகின்றன. கறியுப்பு அந்த வேலைக்கு விரைவூட்டுகிறது. அப்புறம் நீர் ஊற்றினால், ஓராண்டுக் கறை ஒரு நொடியில் ஓடுகிறது.

அடுப்புச் சாம்பலுக்கு வேறு வேலை. மரச் சாம்பலிலே பொட்டாசியம் கார்பனேட் என்னும் காரம் உண்டு. அது எண்ணெய்ப் பிசுக்கைப் பற்றி இழுக்கிறது. அதன் நுண்பொடி மெல்லத் தேய்த்து மெருகூட்டுகிறது. சாம்பல் பிசுக்குக்கு, புளி கறைக்கு. எழுத்தறியாத நம் பாட்டிமார் அடுப்படியிலே ஓர் ஆய்வுக்கூடமே நடத்தியிருக்கிறார்கள்! அவர்களுக்கு அமிலம் என்ற சொல் தெரியாது. அமிலத்தின் ஆற்றல் தெரியும். அந்த அறிவை நான் வணங்குகிறேன். ஆனால் அதே பாட்டியின் வாயிலிருந்து, அதே முற்றத்திலே, 'தொடாதே' என்ற சொல்லும் வந்ததே. அதை எப்படி வணங்குவேன்?

*

'தொடாதே' என்ற சொல் பாட்டியின் சொத்தன்று. அது அவருக்கு இரவல் வந்தது. எங்கிருந்து வந்தது? ஏட்டைப் புரட்டுவோம்.

மனுதரும சாத்திரம் என்று ஒரு நூல். அதன் 5-ஆம் அத்தியாயம் 114-ஆம் சுலோகம் என்ன கூறுகிறது? செம்பு, இரும்பு, வெண்கலம், பித்தளை, வெள்ளீயம், காரீயம் ஆகியவற்றைக் காரப் பொருளாலும், புளிப்புப் பொருளாலும், நீராலும் அவற்றுக்கு ஏற்றபடி தூய்மை செய்க என்கிறது. காரம் என்றால் சாம்பல். புளிப்பு என்றால் புளி. ஆகா! சிலமலைப் பாட்டி செய்வதையேதான் சாத்திரமும் சொல்கிறது. அதுவரை சரி, அதிலே நமக்குச் சண்டை இல்லை.

அதே நூலின் 10-ஆம் அத்தியாயத்துக்கு வாருங்கள். 51-ஆம் சுலோகத்தையும் 52-ஆம் சுலோகத்தையும் பாருங்கள். சண்டாளர் என்று அது பெயரிட்ட மக்கள் ஊருக்கு வெளியே வாழவேண்டும். உடைந்த கலத்திலே உண்ணவேண்டும். இரும்பே அவர்களுக்கு அணி. பிணத்தின் துணியே அவர்களுக்கு உடை. 'அபபாத்திரர்' என்று அவர்களுக்கு ஒரு பட்டமும் உண்டு. பாத்திரத்தினின்று விலக்கப்பட்டவர்கள் என்று பொருள். அவர்கள் உண்ட பாத்திரத்தைத் துலக்கினாலும் பிறர் புழங்கலாகாது என்று உரைகாரர் விளக்கம் எழுதி வைத்தார்.

என்ன வேடிக்கை பாருங்கள்! 5-ஆம் அத்தியாயத்திலே புளிக்கு ஆற்றல் இருக்கிறது. 10-ஆம் அத்தியாயத்திலே அதே புளி ஆற்றல் இழந்துவிடுகிறது! எச்சிலைப் போக்கும் புளி, எண்ணெயைப் போக்கும் சாம்பல், களிம்பைக் கழுவும் நீர், இம்மூன்றும் ஒரு மனிதனின் கை பட்டது என்றவுடன் கை விரித்துவிடுகின்றனவாம்! புளியின் குணம் மாறிற்றா? பித்தளையின் குணம் மாறிற்றா? இல்லை. எழுதியவனின் எண்ணம் மாறிற்று. அழுக்கைப் பற்றிப் பேசியவரை அவன் அறிவோடு பேசினான். ஆளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் அறிவைக் கழற்றி வைத்துவிட்டான்.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறதல்லவா? தீட்டு என்பது தூய்மையைப் பற்றியதன்று. தூய்மையைப் பற்றியதாயின் புளி போதும். துலக்கினாலும் போகாத ஒன்று இருக்கிறது என்று ஒருவன் சொன்னால், அவன் அழுக்கைக் காட்டவில்லை, ஆணையைக் காட்டுகிறான். 'இவன் கீழே இருக்க, நான் மேலே இருக்க' என்ற ஆணையை!

*

'அதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்; யார் மனுவைப் படித்துக்கொண்டு பாத்திரம் துலக்குகிறார்கள்?' என்று கேட்கும் கனவான்கள் உண்டு. அவர்களை மதுரைக்குத் தென்கிழக்கே, பழைய இராமநாதபுரம் மாவட்டத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

1930-ஆம் ஆண்டு டிசம்பர் திங்கள். அங்கே ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிட மக்களுக்கு 8 தடைகளை விதித்தனர். பொன்னும் வெள்ளியும் அணியக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, காலுக்குச் செருப்புக் கூடாது, வீட்டிலே மண்பாண்டம் அன்றி வேறு பாத்திரம் புழங்கக்கூடாது! பணியாதவர்களின் குடிசைகள் எரிந்தன, உடைமைகள் அழிந்தன. 1931-ஆம் ஆண்டு சூன் திங்களில் தடைகள் 11 ஆயின. அவற்றுள் ஒன்று, அவர்தம் பெண்கள் மண்குடத்திலேதான் நீர் சுமக்கவேண்டும், செம்புக்குடமும் பித்தளைக்குடமும் கூடாது என்றது. அதோடும் நிற்கவில்லை! குடத்துக்கு அடியிலே தலையில் வைக்கும் சும்மாடு வைக்கோலால் இருக்கவேண்டும், துணியால் இருக்கக்கூடாது. பிள்ளைகள் படிக்கக்கூடாது என்பதும் அதே பட்டியலிலே இருந்தது. 1931-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஜே. எச். ஹட்டன், இந்தியச் சாதி முறை பற்றி 1946-இல் வெளியிட்ட நூலிலே இதைப் பதிவு செய்திருக்கிறார்.

சும்மாட்டுத் துணி வரை அளந்திருக்கிறார்கள், பார்த்தீர்களா! தண்ணீர் சுமக்கும் ஒரு பெண்ணின் தலைக்கும் குடத்துக்கும் இடையே உள்ள இரண்டு விரற்கடை இடத்தையும் சாதி விட்டுவைக்கவில்லை.

இது தமிழ்நாட்டின் தனிப் பெருமையோ என்றால், அதுவுமில்லை. குசராத்திலே அகமதாபாது மாவட்டம், ஜானு என்ற சிற்றூர். 1935-ஆம் ஆண்டு நவம்பரில், தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்ட வகுப்பிலே சற்று வசதியான குடும்பத்துப் பெண்கள் சிலர் உலோகக் குடத்திலே நீர் எடுக்கத் தொடங்கினர். அது தங்கள் மதிப்புக்கு இழுக்கு என்று கருதிய சாதி இந்துக்கள் அப்பெண்களைத் தாக்கினர். இதை எடுத்துரைத்தவர் அண்ணல் அம்பேத்கர். லாகூரில் நடக்கவிருந்த சாதி ஒழிப்பு மாநாட்டுக்காக அவர் 1936-இல் எழுதிய உரையிலே இது இருக்கிறது. அந்த உரையைக் கண்டு அஞ்சிய மாநாட்டார் மாநாட்டையே நிறுத்திவிட்டனர். அவர் அதை அச்சிட்டு நாட்டின் முன் வைத்தார்.

எண்ணிப் பாருங்கள். ஒரு குடம்! மங்கினால் புளி கேட்கும், துலக்கினால் மின்னும், ஒரு சாதாரணப் பித்தளைக்குடம்! அதை இடுப்பிலே வைத்து நடந்ததற்காக ஒரு பெண் அடிபட்டிருக்கிறாள். அவள் நீரைத் திருடவில்லை, நிலத்தைப் பறிக்கவில்லை. அவள் குடம் பளபளத்தது. அந்தப் பளபளப்பு ஆதிக்கக்காரரின் கண்ணைக் குத்திற்று.

ஆகவே, பொங்கலுக்குப் பித்தளை துலக்கும் வேலையை அற்ப வேலை என்று எவரும் எண்ணவேண்டாம். நம்முள் பலருடைய பாட்டிமாருக்கு அது கிடைத்தற்கரிய உரிமையாக இருந்தது.

*

'அது அந்தக் காலம்' என்று அடுத்த பல்லவி வரும். அந்தக் காலம் எப்போது முடிந்தது என்று சொல்லட்டும்.

1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. 1989-இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. சட்டம் மூன்று வந்தபிறகு, 2022-ஆம் ஆண்டு டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் நீர்த்தொட்டியிலே மலம் கலக்கப்பட்டிருந்தது. அது குறித்து ஆய்வுக்குச் சென்ற மாவட்ட ஆட்சியரும் காவல்துறைக் கண்காணிப்பாளரும், பக்கத்திலே இறையூரின் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை முறை இருப்பதைக் கண்டனர், வழக்கும் பதிவாயிற்று.

குவளை! மீண்டும் பாத்திரம்! மண்பாண்டம் போயிற்று, பித்தளை போயிற்று, எவர்சில்வர் வந்தது, கண்ணாடி வந்தது, காகிதக் குவளையும் வந்தது. உலோகம் மாறிற்று, உள்ளம் மாறவில்லை. பொருளை மாற்றினால் போதும், பேதம் தானே போகும் என்று நம்பியவர்கள் இறையூர்க் குவளையிடம் பாடம் கேட்கட்டும்.

நம் போடி வட்டாரத்தை எண்ணிப் பார்க்கிறேன். மலையிலே விளையும் ஏலக்காய் எவர் கை பட்டு இறங்குகிறது? எல்லாச் சாதிக் கையும் பட்டு இறங்குகிறது. போடியின் ஏல மையத்திலே வணிகர் அதைக் கையிலெடுத்துப் பார்க்கிறார். நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார். பறித்தவள் யார் என்று பார்ப்பதில்லை. கோயில் பொங்கலிலே அது மணக்கிறது. மாளிகைப் பாயசத்திலே மிதக்கிறது. காய்க்குத் தீட்டு இல்லை. அதைப் பறித்த கைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது? விலையுள்ள இடத்திலே தீட்டு விலகிக்கொள்கிறதோ? ஏலத்திலே விலகும் தீட்டு, குவளையிலே ஏன் ஒட்டிக்கொள்கிறது?

அறிவியல் இன்னொரு செய்தி சொல்கிறது, கேளுங்கள். செம்பும் செம்பு மிகுந்த பித்தளை முதலிய கலவைகளும் தம் மேனியிலே பட்ட நோய்க்கிருமிகளைச் சில மணி நேரத்திலே கொன்றுவிடும் தன்மையுடையவை. 2008-ஆம் ஆண்டிலே அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய கலவைகளைக் கிருமி கொல்லும் பரப்புகள் என்றே பதிவு செய்தது. அந்தப் பித்தளை, எவர் கையிலிருந்து வந்த கிருமி என்று கேட்டா கொல்கிறது? அக்கிரகாரத்துக் கிருமிக்கு ஒரு நீதி, சேரிக் கிருமிக்கு ஒரு நீதி என்று வைத்திருக்கிறதா? உயிரற்ற உலோகத்துக்கு இருக்கும் நடுநிலை, உயிருள்ள மனிதனுக்கு இல்லையே!

*

இனி அந்தச் சிறுமியிடம் திரும்புவோம். அவளைத் தடுத்தது சாதி மட்டுமா? இல்லை. அவள் பெண். மாதத்தில் மூன்று நாள் அவள் 'வீட்டுக்குத் தூரம்'. தனித் தட்டு, தனிச் செம்பு, தனி மூலை. மதுரை வட்டாரத்துச் சிற்றூர்கள் சிலவற்றிலே 'முட்டு வீடு' என்று ஊருக்கு ஒதுக்குப்புறமாய்க் கட்டிடமே உண்டு. உடலின் இயற்கையை ஊருக்கு அறிவிக்க ஒரு மண்டபம்! கருப்பையின் இயல்பான இயக்கத்தைக் குற்றமாக்கி, குற்றத்துக்குச் சிறையும் கட்டியிருக்கிறார்கள்.

அந்த மூன்று நாளும் விளக்கைத் தொடக்கூடாது. மீதி இருபத்தேழு நாளும்? விளக்கை அவளேதான் துலக்கவேண்டும்! ஆண் தொட்டால் தீட்டில்லை. ஆனால் ஆண் துலக்குவதும் இல்லை. என்ன வசதியான ஏற்பாடு! அந்த முற்றத்திலே நண்பரும் நானும் கட்டிலில் அமர்ந்து தேநீர் பருகிக்கொண்டிருந்தோம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சமத்துவம் பேச வந்தவர்கள் இருவர். பாத்திரம் தேய்த்தவர்கள் மூவர். அந்த வெட்கத்திலே பிறந்ததுதான் இக்கட்டுரையின் பாதி.

அந்தப் பாத்திரங்கள் எப்படி வந்தன என்று மூதாட்டியிடம் கேட்டேன். 'எனக்கு எங்க அய்யா சீராக் குடுத்தது' என்றார் பெருமையோடு. நிலம் எவருக்குப் போயிற்று என்று கேட்டேன். 'அது அண்ணன் தம்பிகளுக்கு' என்றார் இயல்பாக.

பார்த்தீர்களா கணக்கை? மகனுக்கு மண், மகளுக்குப் பித்தளை! மண் விளையும், ஆண்டுதோறும் பலன் தரும். பித்தளை மங்கும், ஆண்டுதோறும் உழைப்புக் கேட்கும். சொத்து என்ற பெயரிலே அவளுக்குக் கொடுத்தது வேலையை! பெண்ணுக்குச் சொத்திலே சம உரிமை வேண்டும் என்று 1929-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது. அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டிலே சட்டமாக 1989 வரை, 60 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. இந்திய நாடு முழுமைக்கும் அது 2005-இல் வந்தது. வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. ஆயினும் பித்தளை அண்டாக்கள் திருமணப் பந்தலிலே இன்னும் வரிசை கட்டி நிற்கின்றன.

அந்தச் சிறுமிக்கு அண்டா வேண்டாம், பங்கு வேண்டும். பங்கைக் கொடுத்த பிறகு, அன்பின் அடையாளமாக அண்டாவும் கொடுத்தால் எவரும் தடுக்கப்போவதில்லை.

*

'குறை சொல்லத் தெரிகிறதே, பாத்திரம் துலக்கத் தெரியுமா?' என்று தாய்மார்கள் கேட்கக்கூடும். கேட்கட்டும். அந்த மாலையிலே நாங்களும் நார் எடுத்தோம். எடுத்தபோது கற்றதையும், அறிவியல் கற்பித்ததையும் இங்கே ஆண்களுக்கென்றே எழுதுகிறேன்.

முதலில் எண்ணெய்ப் பிசுக்கைப் போக்குக. சலித்த சாம்பலோ சோப்போ போதும். நன்றாகக் கழுவிய பிறகே புளிக்கு வருக. சாம்பலையும் புளியையும் ஒன்றாகக் குழைப்பவர் உண்டு. சமையல் சோடாவையும் எலுமிச்சையையும் கலந்து, பொங்குவதைப் பார்த்து மகிழ்பவரும் உண்டு. காரமும் அமிலமும் கூடினால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொங்கல் கிடைக்கும், பலன் கிடைக்காது. இரண்டும் நல்லவை, அடுத்தடுத்து வந்தால்தான் நல்லவை.

ஊறிய புளியோடு சிறிது உப்புச் சேர்த்துப் பூசிச் சில நிமிடம் விடுக. புளி இல்லையேல் எலுமிச்சை மூடி. மணிக்கணக்கில் ஊறவிடலாகாது. அமிலம் துத்தநாகத்தை அரித்து, கரைந்த செம்பு மேலே படிந்து, மஞ்சள் மேனி இளஞ்சிவப்பாகிவிடும். தேங்காய் நாரால் மெல்லத் தேய்க்க. இரும்புக் கம்பி நார் கீறிவிடும். செங்கற்பொடி துலக்கும், ஆனால் உலோகத்தையும் சேர்த்துத் தின்னும். பிறகு புளிப்பு முழுதும் நீங்கக் கழுவி, உடனே உலர்ந்த துணியால் துடைக்க. துடைக்காமல் விட்ட நீர்த்துளியே மறுநாள் கறைக்கு விதை. விளக்குக்குத் துளி எண்ணெய் தடவித் துடைத்தால், காற்று எளிதில் தீண்டாது. அரக்குப் போன்ற மெருகுப் பூச்சு ஏற்றிய அலங்காரப் பொருள்களுக்குப் புளியும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம், ஈரத்துணி போதும்.

செய்யக்கூடாதவையும் உள. கழிவறை துலக்கும் அமிலத்தைப் பித்தளைக்கு ஊற்றாதீர். சலவைத் தூளோடு எந்த அமிலத்தையும் கலக்காதீர். எழுவது குளோரின் நச்சு வாயு. விளக்குக்கு என்று விற்கும் மெருகு நீரைச் சோறு வைக்கும் பாத்திரத்துக்கு ஏற்றாதீர். ஈயம் பூசாத பித்தளையிலே புளிக்குழம்பும் தயிரும் வைக்காதீர், களிம்பு நஞ்சு. ஈயம் பூசுவதாயின் வெள்ளீயம்தானா என்று உறுதி செய்க; காரீயம் கலந்த பூச்சு குழந்தைகளின் மூளையைத் தாக்கும். காரீயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக நலவாழ்வு அமைப்பின் முடிவு.

இவ்வளவுதான் தோழர்களே, தூய்மை என்பது! இதிலே நேரம் பார்க்க வேண்டியதில்லை. நாள் பார்க்க வேண்டியதில்லை. யார் கை என்று பார்க்க வேண்டியதும் இல்லை. காரணம் இருக்கிறது, செயல் இருக்கிறது, விளைவு இருக்கிறது. காரணம் தெரிந்தவன் அஞ்சமாட்டான். அஞ்சாதவனிடம் 'தொடாதே' என்ற சொல் செல்லாது. ஆகவேதான் அந்தச் சிறுமியின் முதற் கேள்விக்குப் பதில் சொல்லாமல் இரண்டாம் கேள்விக்குப் பதில் சொல்ல இயலாது என்கிறேன். புளி ஏன் துலக்குகிறது என்று அறிந்த பிள்ளை, தீட்டு ஏன் பொய் என்றும் அறிந்துவிடுவாள்.

'இல்லத்து வழக்கத்திலே ஏன் தலையிடுகிறீர்? பக்தியுள்ள பாட்டியின் மனம் நோகாதா?' என்று இரங்குவோர்க்கும் ஒரு சொல். பாட்டியின் மனத்தை மதிக்கிறேன். அவர் கற்ற நல்லதை, அந்தப் புளியின் பயனை, தலைமுறை தலைமுறையாய்ப் போற்றுவோம். அவர் மேல் ஏற்றப்பட்ட கறையை மட்டும் துலக்குவோம். பழைய குடத்தைத் துலக்குகிறவன் குடத்தை உடைக்கிறான் என்று எவரேனும் சொல்வாரா? களிம்பே குடம் என்று எண்ணியவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள். தமிழர் பண்பாடு குடம். தீட்டு அதன் மேல் ஏறிய களிம்பு. களிம்பைக் காப்பாற்றுவது மரபுப் பற்று ஆகாது; அது சோம்பல். சில வேளைகளில் சூழ்ச்சி.

அன்று மாலை என்ன நடந்தது என்று கேட்பீர்கள். புரட்சி ஒன்றும் வெடிக்கவில்லை. நண்பர் நாரைக் கையிலெடுத்தார்; அண்டை வீட்டு ஆடவர் சிரித்தனர்; சிரித்துவிட்டுப் போயினர். மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பொழுது சாயும் வேளையில் குத்துவிளக்கு ஒன்றே கறுத்து மிஞ்சி நின்றது. மூதாட்டி அதை எடுத்தார், பார்த்தார், பேத்தியின் முன்னே வைத்தார்.

"தேயி. ஒன் கைக்கென்ன கொறச்சல்?"

சிறுமி புளியை அள்ளினாள். விளக்கு துலங்கிற்று. வானம் இடியவில்லை, வையம் பிளக்கவில்லை, மேற்கு மலை தன் இடத்திலேயே நின்றது.

இந்தத் தைத் திங்களில் ஒவ்வோர் இல்லத்திலும் பாத்திரம் பரணிலிருந்து இறங்கும். அண்ணன்மாரே, தம்பிமாரே! ஆளுக்கொரு நார் எடுங்கள். மகளுக்குக் காரணம் சொல்லுங்கள். மகனுக்கு வேலை சொல்லுங்கள். உங்கள் ஊர்த் தேநீர்க் கடையிலே குவளை இரண்டு வகையாய் இருந்தால், பருகாமல் எழுந்து நின்று ஏன் என்று கேளுங்கள். கேட்டும் திருந்தாவிடில் சட்டத்தைக் கூப்பிடுங்கள். பித்தளையின் கறைக்குப் புளி போதும். சில நிமிடம் போதும். மனத்தின் கறைக்குப் பகுத்தறிவு வேண்டும், தேய்த்துக்கொண்டே இருக்கவேண்டும். தேய்க்கத் தேய்க்கப் போகும். போகாத கறை என்று ஒன்று இல்லை என்பதை, சிலமலை முற்றத்திலே ஒரு சிறுமியின் கை மெய்ப்பித்துவிட்டது!